பல் நாற்காலி பயம்: ஊசியா, வாயுவா, மாத்திரையா, முழு மயக்கமா?

மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியை முழுங்கிவிட்டுப் போனதால்தான் அன்றைக்கு எனக்குப் பல் எடுக்கவில்லை.

இடது பக்கக் கீழ்த் தாடையில் கடைசிப் பல், ஞானப்பல் என்பார்களே, அது படுத்த வாக்கில் முளைத்து, அதற்கு முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. ஈறைக் கிழித்து, பல்லை இரண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று எக்ஸ்ரே பார்த்தபோதே சொல்லிவிட்டார்கள். அந்த "வெட்டி" என்ற சொல்லோடு நான் பத்து நாள் தூங்கவில்லை. நாத்தனார்தான் யோசனை சொன்னாள்: "அம்மா மாத்திரையில பாதி போட்டுக்கினு போ அண்ணி, ஒண்ணும் தெரியாது." காட்பாடி மேம்பாலம் ஏறும்போதே ஆட்டோவில் கண் சொக்கியது. டாக்டரம்மா என் பேச்சு குழறுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். என்ன மாத்திரை என்றார். பெயர் தெரியாது, சின்னதாக வட்டமாக இருக்கும் என்றேன். எத்தனை மில்லிகிராம் என்றார். அதுவும் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கிளிப்பை விரல் நுனியில் மாட்டி, தன் கண்ணெதிரிலேயே ஒரு மணி நேரம் உட்கார வைத்து, வீட்டுக்காரரை வரவழைத்து அனுப்பினார். "பல்லு எங்கயும் ஓடிப்போகாதும்மா. அடுத்த வாரம் வாங்க, வெறும் ஆளா வாங்க."

அந்த ஒரு மணி நேரத்தில், அடுத்தடுத்த நோயாளிகளுக்கு நடுவே, அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. அதற்குப் பிறகு ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் பல் வேலை நடந்தது. மூன்று பேருக்கும் மூன்று வேறு வழி. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நாம் எல்லாவற்றையும் "மயக்கம்" என்றே சொல்கிறோம். பல் டாக்டர் ஈறில் போடும் ஊசியும் மயக்க ஊசி. ஆபரேஷன் தியேட்டரில் ஆளையே தூங்க வைப்பதும் மயக்கம். மாத்திரையால் தலை கிறங்குவதும் மயக்கம். அக்னி நட்சத்திரத்தில் பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுவதும் மயக்கம்தான். டாக்டர் "மயக்கம் கொடுத்துச் செய்யலாம்" என்றால் அவர் சொல்வது ஒன்று, நாம் கேட்பது ஒன்று. வலியை எடுப்பது வேறு, பயத்தை எடுப்பது வேறு, நினைவையே எடுப்பது வேறு. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஈறில் போடுவது மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன், அதோடு 80,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் ரத்தத்தோடு போய்விடாமல் அந்த இடத்திலேயே பிடித்து வைக்கும். இது நரம்பைத்தான் மரக்க வைக்கும், மனசை அல்ல. இழுக்கிற அழுத்தம் தெரியும், மெஷின் சத்தம் கேட்கும், வலி மட்டும் இருக்காது. கவனிக்க வேண்டியது, கீழே சொல்லப்போகிற வாயு, மாத்திரை, கையின் ரத்தக் குழாயில் ஏற்றும் நரம்பு ஊசி எதுவும் இதற்குப் பதில் இல்லை. அவை எல்லாம் இதோடு சேர்த்துத்தான். "கேஸ் வெச்சா ஈறுல ஊசி போட மாட்டாங்களாமே" என்று என்னிடம் மூன்று பேராவது கேட்டிருக்கிறார்கள். போடுவார்கள். ஊசி போடுவது நமக்குப் பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

"எனக்கு அந்த ஊசி பிடிக்கறதே இல்ல, வலிச்சிக்கினேதான் இருந்தது" என்பவர்கள் சொல்வதும் பொய் இல்லை. பல்லடியில் சீழ் கட்டியிருந்தால் அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், மருந்து சரியாக வேலை செய்யாது. முகம் வீங்கிய நாளில் போய், இன்றே எடுங்கள் என்று அடம்பிடித்து, வலி தாங்காமல் கத்தி, அதையே வாழ்நாள் பயமாக வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பயத்துக்கு மருந்து தேடும் முன்னால் அந்தப் பழைய நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு தடவை டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி எங்கள் வீட்டு ஆட்கள்.

என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குறட்டை. மேல் கடவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. குடியாத்தத்தில் வளர்ந்தவர், பல் வலி என்றால் கிராம்பைக் கடித்துக்கொண்டு படுப்பதோடு சரி. அவரைத் தூங்க வைத்தே செய்துவிடலாமே என்பது என் ஆசை. டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காரணங்களை அடுக்கினார். கிறங்க வைக்கும் மருந்து தொண்டைத் தசையைத் தளர்த்தும், குறட்டைக்காரர்களுக்கு மூச்சு தடைபட அது ஒன்றே போதும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் மருந்தே அதிகமாக வேலை செய்யும், வீட்டுக்குப் போய் பாத்ரூமில் வழுக்கி விழுவார்கள். ஆழமான மயக்கம் என்றால் வெறும் வயிறு, சர்க்கரைக்காரருக்கு வெறும் வயிறு என்றால் மாத்திரையை மாற்றி அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும்.

அதனால் அம்மாவுக்கு வெறும் ஊசிதான், ஆனால் நிதானமாக. காலையில் இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் போனோம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஈறைத் துடைத்து மரக்கும் ஜெல்லைத் தடவி இரண்டு நிமிஷம் விட்டார்கள். ஊசி மருந்தை அவசரமில்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வலிப்பது ஊசி குத்துவதால் மட்டுமில்லை, மருந்தை வேகமாகத் தள்ளுவதாலும்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "இடது கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்று முன்னாலேயே சொல்லி வைத்தார். அம்மா ஒரு தடவை தூக்கினார். உடனே நிறுத்தினார். அப்புறம் அம்மா கையைத் தூக்கவே இல்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. இதற்கு மருந்தும் இல்லை, தனிச் செலவும் இல்லை. பயந்தவர்களில் நிறையப் பேருக்கு இந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நிதானமான டாக்டர் வேண்டும். வெளியே இருபது பேர் காத்திருக்கும் இடத்தில் இது நடக்காது.

என் கதை வேறு. எனக்கு ஊசி பயம் இல்லை. நாற்காலி பின்னால் சாயும்போது மூச்சு முட்டும். வாயில் கண்ணாடி பட்டாலே குமட்டும். டாக்டர் எனக்குச் சொன்னது மூக்கில் வைக்கும் வாயு.

நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பு வாயு என்று பெயரே தவிர யாரும் விழுந்து விழுந்து சிரிப்பதில்லை. இதைப் பல்லுக்கு முதலில் பயன்படுத்தியவரே ஒரு பல் டாக்டர்தான். அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் ஊருக்கு வந்த ஒரு வேடிக்கைக் காட்சியில் இந்த வாயுவை இழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதைப் பார்த்தார். மறுநாளே தானே வாயுவை இழுத்துக்கொண்டு தன் பல்லையே இன்னொரு டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னார். அடுத்த மாதம் பாஸ்டனில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட, மனிதர் அவமானப்பட்டுத் திரும்பினார். அன்று போட்டது வெறும் வாயு. இன்று ஆக்சிஜன் கலக்காமல் அதைத் தருவதே இல்லை.

முதலில் முழு ஆக்சிஜன். அப்புறம் 10 சதவீதம், 20 என்று படிப்படியாக வாயுவை ஏற்றுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி மெஷினிலேயே தடை வைத்திருக்கிறார்கள். மூன்று, நான்கு நிமிஷத்தில் எனக்கு விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. கால் கனமாகி, யாரோ வெதுவெதுப்பான போர்வையைப் போர்த்தியது போல இருந்தது. சுவரில் காலண்டர் தெரிந்தது, டாக்டர் வீட்டுப் பூனையைப் பற்றி நர்ஸிடம் பேசியது கேட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். குமட்டல் மட்டும் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஈறில் ஊசி போட்டார்கள், போட்டது தெரிந்தது, கவலைப்படத் தோன்றவில்லை. முப்பத்தைந்து நிமிஷத்தில் பல் இரண்டு துண்டாக வெளியே வந்தது. கடைசியில் ஐந்து நிமிஷம் மறுபடி வெறும் ஆக்சிஜன். எழுந்து நடந்தேன். வீட்டுக்காரர் வண்டி எடுத்துவர நேரமானதால், எதிரே இருந்த பழமுதிர் நிலையத்தில் போய் இளநீர்கூட வாங்கினேன். வாய் மரத்திருந்ததால் பாதி ரவிக்கையில்.

வந்த வேகத்திலேயே இறங்குவதுதான் இதன் பெரிய சௌகரியம். டாக்டர் குமிழைத் திருகினால் கூடும், குறையும், மூடினால் தீரும். குறைகளும் உண்டு. மூக்கு வழியாக இழுத்தால்தான் வேலை செய்யும். சளி பிடித்திருந்தால், மூக்குத் தண்டு வளைந்திருந்தால், வாயால் மூச்சு விடும் பழக்கம் இருந்தால் பயனில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கொடுப்பதில்லை. பி12 சத்துக் குறைவு, நாள்பட்ட நுரையீரல் நோய், சமீபத்தில் காதிலோ விழித்திரையிலோ ஆபரேஷன் நடந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதோடு பயம் மிக ஆழமாக இருப்பவருக்கு இது போதாது. பயத்தைத் தட்டிக்கொடுக்குமே தவிர அடக்காது. எல்லாக் கிளினிக்கிலும் மெஷின் இருக்காது என்பதும் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது உத்தமம்.

மாத்திரைக்கு வருவோம். நான் செய்த முட்டாள்தனத்தால் மாத்திரையே கெட்டது என்று சொல்லமாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்து, அளவு பார்த்து, முதல் நாள் ராத்திரியோ ஒரு மணி நேரம் முன்னாலோ போட்டுக்கொள்வது பழைய, மலிவான, பலருக்குப் போதுமான வழி. விஷயம் என்னவென்றால் முழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. ஒருவருக்கு அதே அளவு ஒன்றும் செய்யாது, இன்னொருவரைச் சாய்த்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மெதுவாக ஏறும், நாற்காலியில் ஏறாமல் வீட்டுக்கு வந்த பிறகு ஏறும். டயசிபாம் போன்றவை உடம்பை விட்டுப் போக ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். மதுவோ, வேறு தூக்க மருந்தோ, சில இருமல் மருந்தோ கூடச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். டயசிபாம், அல்பிரசோலம், மிடாசோலம் மூன்றும் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் இருப்பவை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கட்டுப்பாடுள்ள பொருளைத்தான் நான் மாமியாரின் டப்பாவிலிருந்து எடுத்தேன்.

நரம்பில் ஏற்றும் அரை மயக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சருக்குத் தேவைப்பட்டது. பத்து வருஷமாகப் பல் டாக்டரிடம் போகாதவர், நான்கு பல்லுக்கு ரூட் கெனால். கையில் சின்ன ஊசிக்குழாய் பொருத்தி, மிடாசோலத்தை ஒவ்வொரு மில்லிகிராமாக ஏற்றி, பேச்சு லேசாகக் குழறும் இடத்தில் நிறுத்துவார்களாம். அளவைக் கண்ணால் பார்த்து ஏற்ற முடிவதுதான் மாத்திரையைவிட இதற்கு இருக்கும் மதிப்பு. அவர் முழுத் தூக்கத்தில் இல்லை. வாயைத் திற என்றால் திறந்திருக்கிறார், நாக்கை ஒதுக்கு என்றால் ஒதுக்கியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" அந்த மருந்து நினைவில் எதையும் பதியவிடாது. பயந்தவர்களுக்கு அது வரம் என்று அவர் சொல்கிறார். நடந்தது எதுவுமே நினைவில் இல்லை என்பது எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. ஆளாளுக்கு.

இதில்தான் கவனம் மிகவும் தேவை. அரை மயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம் என்பவை தனித்தனி அறைகள் இல்லை, ஒரே சரிவு. அரை மயக்கம் என்று தொடங்கியது ஆளைப் பொறுத்து ஒரு படி கீழே வழுக்கலாம். அதனால் மருந்து கொடுப்பவர், தான் நினைத்ததைவிட ஒரு படி ஆழமாகப் போனாலும் ஆளை மீட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. மிடாசோலத்தின் வேலையை முறிக்க ஃப்ளுமாசெனில் என்று மாற்று மருந்து உண்டு, ஆனால் அது மிடாசோலத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோகலாம், ஆள் மறுபடி கிறங்கலாம். அதனால்தான் எழுந்து உட்கார்ந்தவுடனே அனுப்பிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூட ஒரு பெரியவர் வர வேண்டும். அன்று முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, கையெழுத்துப் போடக்கூடாது, அடுப்படியில் நிற்கக்கூடாது. டீச்சர் அன்று சாயந்திரமே சீட்டுக் கட்டப் போய், பணத்தைக் கொடுத்தோமா இல்லையா என்று இரண்டு நாள் சண்டை.

முழு மயக்கம் ஆம்பூரிலிருந்து வந்த தங்கை மகனுக்கு. ஐந்து வயது, எட்டுப் பல் சொத்தை. ராத்திரி பால் பாட்டிலோடு தூங்கிய பழக்கம். முதலில் சொல்லி, காட்டி, பிறகு செய்யும் முறையை இரண்டு தடவை பார்த்தார்கள். கண்ணாடி வரைக்கும் சரி, மெஷினைக் கண்டதும் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு. வாயு வைக்க மூக்கு மாஸ்கை ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளவில்லை. எட்டுப் பல்லுக்கு எட்டு நாள் கையைக் காலைப் பிடித்துச் செய்வதா, ஒரே நாளில் தூங்க வைத்து முடிப்பதா? நான் முதலில் "பல்லுக்குப் போயா" என்றவள்தான். பிடித்துச் செய்தால் அந்தப் பயம் அவனோடு நாற்பது வயது வரைக்கும் வரும் என்று யோசித்தபோது மனம் மாறியது.

பெற்றவர்களின் கவலை மூளை வளர்ச்சியைப் பற்றி. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது உண்மை. அது 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாகவோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது பற்றியது. ஒரே தடவை, குறைந்த நேரம் கொடுத்தால் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் இதைத் தங்கைக்குப் பொறுமையாக விளக்கினார். குறட்டை, டான்சில், இளைப்பு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று துருவித் துருவிக் கேட்டார். இப்படிக் கேட்காமல் தேதி கொடுப்பவரிடம் நான் போகமாட்டேன்.

வெறும் வயிறுதான் இதில் பெரிய பாடு. திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரைக்கும் கொடுக்கலாம். விடிகாலை ஐந்தரைக்கு அம்மா டம்ளரோடு நிற்கிறார். "பாவம், கொழந்த பசியோட கீது. ஒரு வாய் பால் குடுத்தா இன்னா ஆவும்?" மயக்கத்தில் இருமல் வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி டம்ளரைப் பிடுங்க வேண்டியிருந்தது. பாட்டிகள் இருக்கும் வீட்டில் காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூக்கு வழியாகக் குழாய், தியேட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், எட்டுப் பல்லும் முடிந்தது. சாயந்திரம் ஐஸ்கிரீம் கேட்டான்.

செலவும் இந்த வரிசையில்தான் ஏறும். ஊசி மலிவு, முழு மயக்கம் அதிகம். மயக்க டாக்டர் கட்டணம், தியேட்டர், ரத்தப் பரிசோதனை, பகல் படுக்கை எல்லாம் பல் வேலைக்குமேல் தனி என்பதால், மொத்தத்தை எழுதி வாங்குங்கள். வேலூரில் நமக்கு ஒரு வசதி. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்று ஊரையே ஆஸ்பத்திரி ஊராக்கிவிட்டது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து ஆற்காடு ரோட்டு லாட்ஜுகளில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். நமக்குத் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் டவுன் பஸ் தூரம். எதுவும் கிடைக்காததால் இதைச் செய்துகொண்டேன் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் எந்த மருந்து நல்லது என்று தொடங்குவதில்லை. உனக்கு எதற்குப் பயம் என்று கேட்கிறேன். ஊசி என்றால் ஜெல்லும் நிதானமும். குமட்டல், படபடப்பு என்றால் வாயு. வாசல்படி ஏறவே கால் வராது என்றால் நரம்பு ஊசி. ஒத்துழைக்க முடியாத குழந்தை, மனவளர்ச்சி குறைந்தவர், ஒரே நாளில் ஏகப்பட்ட வேலை என்றால் தியேட்டர். அப்புறம் கிளினிக்கிடம் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான் முக்கியம்: நீங்கள் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மூச்சை யார் பார்ப்பார்கள்? ஊசியும் லேசான வாயுவும் என்றால் டாக்டரும் பயிற்சி பெற்ற உதவியாளரும் போதும். அதற்கு மேலே போனால் அதற்கென்றே ஒரு ஆள், விரல் கிளிப் மெஷின், ஆக்சிஜன் சிலிண்டர், மாற்று மருந்து எல்லாம் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். எனக்கு ஒரு இடத்தில் வந்தது, வந்துவிட்டேன்.

வலது பக்க ஞானப்பல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதுவும் படுத்துதான் இருக்கிறதாம். மார்கழிப் பனியில் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், வாயு வேலை செய்யாது. மாசியில் தேதி வாங்கியிருக்கிறேன்.